வேதநூல்களின் வம்ச அட்டவணைகள்

பேராதனையிலே கலஹாச் சந்தி என்று வழங்கும் இடத்திலிருந்து ஒரு வீதி மலைமேல் ஏறிச் செல்கின்றது. பல்கலைக்கழக நிலத்தை ஒட்டிப் புறப்படும் அவ்வீதி, வளைந்து வளைந்து மேலேறிக் கலஹாவை அடைகின்றது. அதற்கப்பால் உள்ள மலைகளிலேதான் லூல்கந்துரத் தோட்டம் இருக்கின்றது. 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வியாபாரத்திற்காகத் தேயிலை பயிரிடப்பட்ட முதலாவது நிலம் அதுவே. டெயிலர் 1835இல் ஸ்கொட்லாந்து தேசத்தில் பிறந்தவர். 1892இல் இறந்து, கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கம் பண்ணப்பட்டவர். அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் அவருடைய நாட்டுத் தேசிய நூல்நிலையத்தில் இன்றும் பேணப்படுகின்றன. ஆனால், அந்தப் 19 ஏக்கர் காட்டை வெட்டி, எரித்து, கல் அடுக்கி, குழி வெட்டி, நாற்று நாட்டியவர்கள் யார்? அவர்களின் தந்தையர் பெயர் என்ன? எந்தச் சரித்திர நூலும் இதைக் கூறுவதில்லை.

பெயர் எழுதாமல் விட்டது ஒரு குறைதான். ஆயினும் 80 ஆண்டுகள் வரையில் அதனால் எவருக்கும் பெரிய இடையூறு நேரவில்லை. 1948ஆம் ஆண்டிலே நிலைமை மாறியது. அவ்வாண்டு நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம், பிறந்த நாடு எது என்று மாத்திரம் கேட்டு அமைந்துவிடவில்லை. 1948 நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் இலங்கையிலே பிறந்த ஒருவர், வம்சாவழிக் குடியுரிமை பெறவேண்டுமாயின், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டவேண்டும். அஃது இயலாவிடில், தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். பாட்டனும் முப்பாட்டனும் பிறந்த இடத்திற்குச் சான்று காட்டுவது எவருக்கு எளிது? கண்டிச் சிங்களக் கிராமத்தவருக்கும் எளிதன்று, யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் எளிதன்று. ஆனால் அவர்களை எவரும் கேட்கவில்லை. கேள்வி தோட்டத்து லயங்களிலே வாழ்ந்தவர்களை நோக்கியே எழுந்தது.

கிறிஸ்தவ வேதத்தைத் தொடர்ந்து வாசிக்கப் புகுவோர், இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று அடுக்கிச் செல்லும் அதிகாரங்களை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். ஆலயத்திலே வாசிக்கும் பிள்ளைகள் அப்பெயர்களில் நாக்குத் தடுக்கித் திணறுவதையும், பெரியவர்கள் புன்னகை செய்வதையும் நேயர்கள் கண்டிருக்கலாம். ஆபிரகாமின் விசுவாசத்தையும் தாவீதின் வீரத்தையும் விரும்பிக் கேட்பவர்களும், முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களை யாரிடமும் கேட்டு வாசிப்பிப்பதில்லை. நிலம், தொழில், வாக்கு ஆகிய மூன்றும் ஒரு தந்தையின் பெயரில் தொங்கி நிற்கும் நிலையை அறியாதவர்களுக்கு அவை வெறும் பெயர்களே. கலஹாத் தோட்டங்களின் மக்கள் அந்நிலையை அறிந்தவர்கள். அவர்களுடைய கண்கொண்டு நோக்கினால், வேதத்திலே மிகவும் வறண்டது எனக் கருதப்படும் எஸ்றாவின் இரண்டாம் அதிகாரம் வேறு விதமாகத் தோன்றும்.

கி.மு. 538ஆம் ஆண்டை அடுத்து, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து யூதர்கள் தம் நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குலங்குலமாக எண்ணி எழுதிய பட்டியலே அந்த அதிகாரம். மொத்தம் 42,360 பேர். இப்பட்டியலைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், எல்லோரும் ஒரே முறையில் எண்ணப்படவில்லை என்பது புலப்படும். சிலர் தகப்பன்மாரின் பெயரால் எண்ணப்பட்டிருக்கிறார்கள். வேறு சிலரோ ஊர்ப் பெயரால் எண்ணப்பட்டிருக்கிறார்கள்: பெத்லெகேமார் 123 பேர், ஆனதோத்தார் 128 பேர் என்றிவ்வாறு. ஊரே இவர்களுக்குத் தகப்பன் பெயராக நின்றது. ஓரிடத்தில் வேர்கொண்டு வாழ்ந்ததும் ஒரு வம்சமே என்று அப்பட்டியலை எழுதியவன் கொண்டான் போலும்.

அதன்பின் வருவதுதான் முக்கியமானது. தெலாயா, தொபியா, நெகோதா என்பவர்களின் சந்ததியார் 652 பேர், தாங்கள் இஸ்ரவேலர்தாம் என்பதற்குத் தம் தகப்பன் வம்சத்தைச் சொல்ல முடியாதவர்களாக நின்றார்கள். அவர்கள் பாபிலோனுக்குத் திருப்பி அனுப்பப்படவில்லை. சொல்ல முடியாதவர்கள் என்ற குறிப்போடே, மற்றவர்களுடன் சேர்த்தே அவர்களும் எழுதப்பட்டார்கள். ஆசாரியர்களுக்குள்ளும் மூன்று குடும்பங்கள் தம் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமற் போயின. அபாயாவின் குடும்பம், கோசின் குடும்பம், பர்சிலாயின் குடும்பம் என்பன அவை. பர்சிலாயின் குடும்பத்துக்கு நேர்ந்த சிக்கலுக்குக் காரணமும் கூறப்பட்டிருக்கிறது: அவ்வம்சத்து முன்னோன் ஒருவன் கிலேயாத் நாட்டுப் பர்சிலாயின் மகளை மணந்து, மனைவி வீட்டுப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டான். மாமனார் பெயரைத் தாங்கியதனாலே தகப்பன் பெயர் மறைந்தது. இம்மூன்று குடும்பத்தாரும் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஆனால் அவ்விலக்கும் முடிவான தீர்ப்பன்று. தேவசித்தத்தை விசாரித்தறியும் ஆசாரியன் ஒருவன் எழும்பும்வரைக்கும் என்று தேசாதிபதி தவணை வைத்தான். காகிதம் இல்லாதவனுக்கு உரிமை இல்லை என்று அவன் சொல்லவில்லை. காகிதத்தைவிட மேலான ஒரு விசாரணை வரட்டும் என்றான்.

அப்பட்டியலைப் புகழ்ந்து கூறும்போது அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 42,360 பேருக்கும் புறம்பாக வேலைக்காரரும் வேலைக்காரிகளும் 7,337 பேர் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அவர்களுக்குத் தகப்பன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. அவர்களையும் 200 பாடகர்களையும் எண்ணி முடித்தவுடனே அடுத்த வரிசையில் 736 குதிரைகளும் 245 கோவேறு கழுதைகளும் எண்ணப்படுகின்றன. வேதநூலிலே கூட உழைப்பவன் தொகையாகவே நின்றுவிடுகிறான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியின் கழுத்திலே ஒரு தகரச் சீட்டுத் தொங்கியது. தோட்டத்தின் இலக்கமும் அவனுடைய இலக்கமும் அதில் இருந்தன. வழியில் அவன் யார் என்று கேட்டால் அந்தத் தகரமே பதில் சொல்லிற்று. தோட்டத்தை அடைந்தபின் செக்ரோலில் பெயர் விழுந்தது. அந்தப் பெயரும் பெற்றோர் இட்ட பெயராக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கங்காணி சொன்னதைக் கணக்கப்பிள்ளை கேட்டு, அவர் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்திலே எழுதினார். ஒரே மனிதன் செக்ரோலில் ஒருவிதமாகவும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும் நின்றான். இவை தவிர அவனுக்கிருந்த மற்றொரு தாள் ‘துண்டு’ என்பது. அவன் பட்ட கடனைக் குறிக்கும் சீட்டு அது. அக்கடனைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்கு முன், குடும்பத்தில் ஒருவன் பட்ட கடன் மற்றவர்கள் தலையிலும் ஏறுவதுண்டு. வம்சாவழியாக வந்தது கடன். வம்சாவழியாக வராதது உரிமை.

பெரியோர் வகுத்த வழக்கமும் இம்மக்களுக்கு எதிராகவே நின்றது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது தமிழர் வழக்கம். கடற்கரைக்கு அப்பால் தாய்வீடு உள்ளவள், திருச்சிராப்பள்ளிக்கோ சேலத்துக்கோ போய்ப் பிள்ளை பெற்று, சில மாதங்களில் கைக்குழந்தையோடு தோட்டத்துக்குத் திரும்புவாள். அப்பிள்ளை வளர்ந்து, கொழுந்து மலையிலே உழைத்து, அங்கேயே பிள்ளை பெற்றுப் பேரனும் கண்டாலும், சட்டத்தின் கண்ணிலே அவன் இலங்கையில் பிறவாத தந்தையே.

பழைய ஏற்பாட்டின் வம்ச அட்டவணைகளை எழுதியவர்களின் நோக்கம் என்ன? ஆதியாகமத்தின் ஆயுட்கணக்குகளை அடிப்படையாகக் கொண்டு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பதினேழாம் நூற்றாண்டிலே அயர்லாந்துப் பேராயர் அஷர் முடிவு கூறினார். அது கணக்கில் வல்லவரின் பொழுதுபோக்காகவே முடிந்தது. அவ்வட்டவணைகள் ஆண்டுக் கணக்குச் சொல்ல எழுந்தவை அல்ல. நாளாகமம் சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்ட நூல். அரசன் இல்லை, பழைய ஆலயம் இடிந்துபோயிற்று, நாடு அந்நியன் கையில் இருந்தது. அவ்வேளையிலே எழுதத் தொடங்கியவன், தன் முதற் சொல்லாக ஆதாம் என்ற பெயரை வைத்து, ஒன்பது அதிகாரம் பெயராகவே எழுதிச் சென்றான். எல்லாம் பறிபோன ஒரு கூட்டத்திடம் எஞ்சியிருந்தது அப்பெயர்களே என்று கொண்டால், அந்த வறண்ட அதிகாரங்களில் ஓர் அழுகுரல் கேட்கும்.

மத்தேயு எழுதிய சுவிசேஷமும் பெயர்களோடுதான் தொடங்குகின்றது. ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை, தாவீது முதல் சிறையிருப்பு வரை 14, அதன்பின் 14 என்று அவர் வகுக்கிறார். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. யோராமுக்கும் உசியாவுக்கும் இடையிலே இருந்த அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று அரசர்களை அவர் விட்டுவிட்டார். கடைசி வரிசையை எண்ணினால் 13தான் வருகின்றது என்பாரும் உளர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு விசாரணை அதிகாரியிடம் மத்தேயு தம் அட்டவணையை நீட்டியிருந்தால், இடையில் மூன்று பேரைக் காணோம் என்று அதனைத் தள்ளியிருப்பார்கள்! மத்தேயுவுக்கோ அது குறையாகத் தோன்றவில்லை. தாவீது என்ற பெயரின் எபிரேய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு இட்டுக் கூட்டினால் 14 வரும். அதனால் அந்த எண்ணை அவர் கொண்டார் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஒவ்வொரு பெயரையும் சான்றிதழ்போல் நிறுத்துவது அவருடைய எண்ணமன்று. ஒரு மனிதர் எந்தக் கதையின் தொடர்ச்சி என்று காட்டுவதே அவருடைய எண்ணம்.

விட்ட பெயர்களைக் காட்டிலும் அவர் சேர்த்த பெயர்கள் வியப்புக்குரியவை. தகப்பன்மாரின் வரிசையிலே தாமார், ராகாப், ரூத் என்ற மூன்று பெண்களின் பெயரைச் சொல்லி, நாலாவதாக உரியாவின் மனைவியாயிருந்தவளையும் குறிப்பிடுகின்றார். ராகாப் எரிகோ நகரத்துப் பரத்தை. ரூத் மோவாப் தேசத்திலிருந்து பிழைக்க வந்தவள். அறுவடை முடிந்த வயலிலே சிந்திய கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றியவள். வேற்று நாட்டுக் கூலிப்பெண் ஒருத்தி தாவீது அரசனின் முப்பாட்டியாக, அதாவது பாட்டனைப் பெற்றவளாக நிற்கிறாள். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்திலே விதி இருக்கின்றது. விதி ஒருபுறம் இருக்க, அவளுடைய நாலாம் தலைமுறையில் அரசன் பிறந்தான். லூக்கா இன்னும் ஒருபடி மேலே போகிறார். மத்தேயு முன்னோர் முதலாகக் கீழே வர, அவர் மகனிலிருந்து மேலே ஏறி, ஆபிரகாமோடு நில்லாமல், ஆதாம் வரைக்கும் சென்று முடிக்கின்றார். அத்தனை உயரத்துக்கு ஏறினால் எவருடைய அட்டவணையும் ஒன்றாகிவிடுகின்றது.

இந்து தர்மத்திலும் இத்தகைய கேள்வி புதிதன்று. பிதிர்த் தர்ப்பணம் செய்பவர் பிதா, பிதாமகன், பிரபிதாமகன் என மூன்று தலைமுறையின் பெயரைக் கோத்திரத்துடன் சொல்லி எள்ளும் நீரும் விடுகின்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் அந்த மூவரைத்தான் என்பது ஒரு விசித்திரமான ஒற்றுமை. ஆனால் தர்ப்பணத்தில் முன்னோர் பெயர் மறந்துபோனவருக்கும் வழி விடப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத முன்னோருக்கும் நீர் உண்டு.

சாந்தோக்கிய உபநிடதத்திலே சத்தியகாமன் என்னும் சிறுவனின் கதை வருகின்றது. குருகுலத்துக்குப் போக விரும்பிய அவன், தன் கோத்திரம் யாது என்று தாயாகிய ஜாபாலையைக் கேட்டான். இளமையிலே பல வீடுகளில் ஏவல் செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், கோத்திரம் தனக்குத் தெரியாதென்றும், தன் பெயர் ஜாபாலை, அவன் பெயர் சத்தியகாமன், ஆகையால் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்ளும்படியும் அவள் கூறினாள். சிறுவன் கௌதம முனிவரிடம் சென்று அதனை மறைக்காமல் அவ்வாறே சொன்னான். உண்மையிலிருந்து விலகாத இவனைத் தள்ளுவதில்லை என்று முனிவர் அவனைச் சீடனாக ஏற்றார். வீடு வீடாக வேலை செய்த ஒரு தாயின் பெயரே அங்கே கோத்திரமாயிற்று. குடியுரிமைச் சட்டத்திலோ பொதுவாகத் தாய்க்கு இடம் இருக்கவில்லை. பெரும்பாலும் தந்தை வழியே. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே இலங்கைச் சட்டம் தாயின் குடியுரிமையும் பிள்ளைக்குச் செல்லும் என்று ஒப்புக்கொண்டது. உபநிடத காலத்து முனிவருக்கு அது அத்தனை கடினமாக இருக்கவில்லை.

தோட்டத்து மக்களுக்கென்று ஓர் அட்டவணை இல்லாமலும் இல்லை. அது காகிதத்தில் எழுதியதன்று. ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணை எடுத்துவந்து, தோட்டத்து மரத்தடியிலே வைத்து மதுரைவீரனையும் முனியாண்டியையும் மாரியம்மனையும் நிலைநாட்டினார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி என்ற புதுத் தெய்வம் ஒன்றையும் அவர்கள் உண்டாக்கினார்கள். இத்தெய்வம் எந்தப் புராணத்திலும் இல்லை. மலைநாட்டிலே பிறந்த தெய்வம் அது. கல்யாணத்திலும் கருமாதியிலும் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று முதியவர்கள் வாயால் சொல்லியே முறை வகுத்தார்கள். அதிலே தவறு நேர்வது அரிது. ஆனால் வாய்ச்சொல்லை எந்தக் கந்தோரும் ஏற்பதில்லை.

1949ஆம் ஆண்டிலே இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தது. இது பாட்டனைக் கேளாமல் வதிவைக் கேட்டது. எஸ்றாவின் பட்டியலிலே பெத்லெகேமாரும் ஆனதோத்தாரும் எண்ணப்பட்ட முறைக்கு அருகில் வந்தது எனலாம். 1946ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக்கு முன், விவாகமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். இடையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருக்கலாகாது. 1951 ஆகஸ்ட் வரை தவணை. ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பல்லாண்டு விசாரணையின் பின் குடியுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தார்கள். மிகுதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். பெயரில்லாத தொகை மீண்டும் வந்தது.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறியவர்களை அங்குள்ளவர்கள் சிலோன்காரர் என்றே அழைத்தனர். அங்கே பிள்ளைகளின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்கு முன்னோரின் ஊரையும் உறவையும் காட்டவேண்டும். இலங்கையிலே முப்பாட்டன் இங்கே பிறந்தான் என்று காட்டமாட்டாதவன், இந்தியாவிலே முப்பாட்டன் அங்கே பிறந்தான் என்று காட்டமாட்டாமல் நின்றான்.

முடிவில்லாத வம்ச வரலாறுகளில் மனத்தைச் செலுத்தவேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய நிருபங்களில் அப்போஸ்தலன் எச்சரிக்கிறார். எபிரெயருக்கு எழுதிய நிருபமோ, தாய் தகப்பன் இன்னாரென்று சொல்லப்படாத மெல்கிசேதேக்கை மேலான ஆசாரியனுக்கு உவமையாக்குகின்றது. இவற்றை எடுத்துக்காட்டி, வம்ச அட்டவணைகளே வேண்டாத சுமை என்பாரும் உண்டு. அது சரியான முடிவாகத் தோன்றவில்லை. அட்டவணையை இழந்தவர்களே அதன் அருமையை அறிவார்கள். செலோப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லாமையால் அவன் பெயர் அற்றுப்போகலாமோ என்று அவனுடைய ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து வாதாடினார்கள். தகப்பன் பெயரையும் நிலத்தையும் சேர்த்தே கேட்டு, இரண்டையும் பெற்றார்கள். அந்த ஐவரின் பெயரும் வேதத்திலே ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன: மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள்.

2003ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினரும், அவர்களின் சந்ததியாரும் குடியுரிமை பெறலாயினர். அவ்வாண்டு நடந்த பதிவு இயக்கத்திலே சில நாட்களுக்குள் ஏறக்குறைய 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிவு பெற்றார்கள். சட்டம் இன்னும் சந்ததி என்ற சொல்லை விடவில்லை. ஆனால் வம்சம் எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றிவிட்டது. முப்பாட்டன் பிறந்த கிராமத்திலிருந்து எண்ணாமல், லயத்திலே வாழ்ந்த தந்தையிலிருந்து அது எண்ணத் தொடங்கியது.

எஸ்றாவின் பட்டியலிலே அட்டவணையைக் காணாமல் விலக்கப்பட்ட மூன்று ஆசாரியக் குடும்பங்களில் கோசின் குடும்பமும் ஒன்று. ஏறக்குறைய 90 ஆண்டுகளின் பின் எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டியவர்களின் பெயர்களை நெகேமியா எழுதுகின்றார். கோசின் வழிவந்த உரியாவின் மகன் மெரெமோத் அதில் இரண்டிடங்களிலே வருகின்றான். ஒரு பங்கைக் கட்டி முடித்து, வேறொரு பங்கையும் எடுத்துக் கட்டியிருக்கிறான். உரியாவின் மகனாகிய மெரெமோத்தின் கையிலே ஆலயத்தின் வெள்ளியும் பொன்னும் நிறுத்துக் கொடுக்கப்பட்டன என்றும், உரியா ஆசாரியன் என்றும் எஸ்றாவின் எட்டாம் அதிகாரம் கூறுகின்றது. அந்தக் குடும்பத்தின் அட்டவணை இடையில் எப்போதாவது அகப்பட்டதா என்பதைப் பற்றி அவ்விரு நூல்களிலும் ஒரு வார்த்தையும் இல்லை.